தீர்ப்புகளின் வழியே அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தைக் கற்பது எப்படி

அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தைப் படிக்கத் தொடங்குபவர்களில் பலர், பாடநூலின் முதல் அத்தியாயத்தில் வரும் வரையறைகளை மனப்பாடம் செய்கிறார்கள். தீர்ப்புகளையோ தேர்வுக்கு முந்தைய வாரத்தில் இரண்டிரண்டு வரிகளாகக் குறித்துக்கொள்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உண்டு' என்ற வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும், ஒரு நாடகத்தில் கருத்து எங்கே முடிகிறது, வெளிப்பாடு எங்கே தொடங்குகிறது என்பது அதிலிருந்து விளங்காது. ஒரு குறிப்பிட்ட நாடகத்தையும் ஒரு குறிப்பிட்ட திரைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீதிபதி அந்தக் கோட்டைப் போடும்போதுதான் விளங்கும். சட்ட மாணவர்களுக்கு மட்டுமன்றி, எழுத்தாளர்கள், இசைக் கலைஞர்கள், சிறுதொழில் நடத்துவோர் ஆகியோருக்கும் இந்த வழி பொருந்தும். இங்கே இந்தியச் சட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழ் நாளிதழ்களில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல் பாடலுக்கும் வருகிறது, மருந்துக்கும் வருகிறது. இதனால் ஏற்படும் குழப்பம் சிறியதன்று. எழுத்து, இசை, ஓவியம், திரைப்படம் ஆகியவற்றுக்கு உரியதைப் பதிப்புரிமை என்றும், புதிய கண்டுபிடிப்புக்கு அரசு வழங்கும் உரிமையைக் காப்புரிமை என்றும், சரக்கின் பெயருக்கும் சின்னத்துக்கும் உரியதை வணிகக்குறி என்றும் இந்தக் கட்டுரை முழுவதும் குறிப்பிடுகிறேன். இம்மூன்றும் மூன்று வேறு சட்டங்கள்: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம். மூன்றின் மூலப் பிரதிகளையும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். தீர்ப்புகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்திலும் இந்தியன் கானூன் தளத்திலும் முழுத் தீர்ப்பும் இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் தீர்ப்பை எப்படிப் படிப்பது

முதலில் எடுக்க வேண்டியது, 1978-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் தீர்ப்பு. அதைத் திறப்பதற்கு முன் பதிப்புரிமைச் சட்டத்தின் 13, 14, 51 ஆகிய பிரிவுகளைப் படியுங்கள். எதற்குப் பாதுகாப்பு, என்ன பாதுகாப்பு, எது மீறல் என்பன அவற்றில் உள்ளன. பிரிவைப் படிக்காமல் தீர்ப்புக்குள் நுழைந்தால், நீதிபதி எந்தச் சொல்லுக்குப் பொருள் தேடுகிறார் என்பதே புரியாமல் கதையை மட்டும் படித்துக்கொண்டு போவோம்.

அடுத்து, வழக்கின் நடப்புகளை மட்டும் படித்து, அங்கேயே நிறுத்துங்கள். 1953-இல் ஆனந்த் 'ஹம் இந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதினார். அது அடுத்த ஆண்டு டெல்லியில் மேடையேறியது. பஞ்சாபிக் குடும்பம் ஒன்றும் மதராஸிக் குடும்பம் ஒன்றும் அண்டை வீடுகளில் வசிக்க, அவர்களுடைய பிள்ளைகள் காதலிக்க, மாநிலப் பற்று குறுக்கே நிற்பதுதான் கதை. திரைப்பட இயக்குநர் மோகன் செகல் நாடகத்தின் கதையை ஆசிரியரின் வாயாலேயே கேட்டார். 1956-இல் அவருடைய 'நியூ டெல்லி' படம் வெளிவந்தது. அதிலும் பஞ்சாபி இளைஞன், தமிழ்ப் பெண், குறுக்கே நிற்கும் மாநிலப் பற்று. இந்த இடத்தில் தீர்ப்பை மூடிவைத்துவிட்டு, 'நானாக இருந்தால் யாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிப்பேன், ஏன்?' என்று ஐந்து வரிகளில் எழுதுங்கள். இந்த முறையிலேயே முதன்மையான பயிற்சி இதுதான். இதை விட்டுவிட்டுப் படிப்பவர்கள், முடிவு தெரிந்தபின் அது தொடக்கத்திலிருந்தே தெளிவாக இருந்ததாக நம்பிவிடுவார்கள்.

இயக்குநர் கதையைக் கேட்டது நிரூபணமாகியிருந்ததால், பெரும்பாலோர் நாடக ஆசிரியர் பக்கம் சாய்வார்கள். நீதிமன்றம் அவ்வாறு முடிவு செய்யவில்லை. மாநிலப் பற்று என்பது ஒரு கருப்பொருள், அது எவருக்கும் தனிச்சொத்தாகாது என்றது. வெளியூர்க்காரருக்கு வீடு வாடகைக்குக் கிடைக்காத அவலம், வரதட்சணைக் கொடுமை என நாடகத்தில் இல்லாத பகுதிகள் படத்தில் இருப்பதைச் சுட்டியது. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு 'இது அதன் நகல்' என்ற ஐயத்துக்கு இடமில்லாத எண்ணம் ஏற்படுகிறதா என்பதையே உரைகல்லாகக் கொண்டு, மீறல் இல்லை என்று முடித்தது. நீதிபதி பசல் அலி தீர்ப்பில் ஏழு கோட்பாடுகளைத் தொகுத்திருக்கிறார். பாடநூல்கள் அந்த ஏழையும் அப்படியே எடுத்துப் போடுகின்றன. ஆனால் நீங்கள், ஒற்றுமைகளாக வாதி கொடுத்த பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து நீதிமன்றம் பதில் சொல்லும் பகுதியை, மெதுவாகப் படிக்க வேண்டும். கோட்பாடு வேலை செய்வது அங்கேதான்.

நீதிபதி பதக் தனியே எழுதியதையும் தவறவிடாதீர்கள். சாட்சியங்களிலிருந்து வேறு முடிவுக்கு வர இடமுண்டு என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்திருப்பதால் உச்ச நீதிமன்றம் எளிதில் தலையிடக்கூடாது என்பதற்காகவே அவர் முடிவோடு உடன்பட்டார். நீங்கள் எழுதிய ஐந்து வரிகள் நாடக ஆசிரியருக்குச் சாதகமாக இருந்திருந்தால், உங்களைப் போலவே ஒரு நீதிபதியும் தயங்கியிருக்கிறார் என்பதை இங்கே காண்பீர்கள்.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது

ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கம் போதும். நடப்புகளை நான்கைந்து வரிகளில் எழுதிவிட்டு, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியை 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்லக்கூடிய ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அது எந்தப் பிரிவின் எந்தச் சொல்லைப் பற்றிய கேள்வி என்பதைக் கீழே குறியுங்கள். பிறகு, முடிவுக்கு இன்றியமையாத காரணத்தையும், போகிற போக்கில் நீதிபதி சொன்ன கருத்துகளையும் தனித்தனியே பிரித்து எழுதுங்கள். முதலாவதே பிற்கால வழக்குகளைக் கட்டுப்படுத்தும். இரண்டாவது மதிப்புக்குரியது, ஆனால் கட்டுப்படுத்தாது. கடைசியாக, எந்த ஒரு நடப்பை மாற்றினால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று எழுதுங்கள். ஆனந்த் வழக்கில், படத்தின் உரையாடல்கள் நாடகத்தின் உரையாடல்களாகவே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

இதைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் தீர்ப்பின் சொற்களையே திரும்ப எழுதிவிட்டுப் புரிந்துகொண்டதாக நினைத்துவிடலாம். தமிழில் எழுத வேண்டுமென்றால் ஒவ்வொரு வாக்கியத்தையும் உடைத்துப் பொருளை எடுத்தாக வேண்டும். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிட இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

பதிப்புரிமையில் அடுத்த இரண்டு

ஆனந்த் வழக்குக்குப் பின், 2007 டிசம்பரில் தீர்ப்பான ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கைப் படியுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் திருத்தி, பத்தி பிரித்து, எண்ணிட்டு வெளியிடும் ஒரு பதிப்பகம், அதே தீர்ப்புகளைக் குறுந்தகட்டில் வெளியிட்டவர்கள்மீது தொடுத்த வழக்கு இது. தீர்ப்பின் மூலப்பாடத்தை எவரும் வெளியிடலாம் என்பதை 52-ஆம் பிரிவே அனுமதிக்கிறது. அப்படியிருக்க, அதன்மேல் பதிப்பாசிரியர் செலுத்திய உழைப்பு மட்டும் உரிமையைத் தருமா என்பதே கேள்வி. உழைப்பும் பணமும் மட்டும் போதாது, சிறிதளவேனும் படைப்புத்திறன் வேண்டும் என்றது நீதிமன்றம். எழுத்துப் பிழை திருத்தியதற்கும் மேற்கோள்களைச் சரிபார்த்ததற்கும் உரிமை கிடைக்கவில்லை. தொடர் பத்திகளைப் பொருளறிந்து பிரித்து எண்ணிட்டதற்கும், எந்த நீதிபதி உடன்பட்டார், எவர் மாறுபட்டார் என்று குறித்ததற்கும் கிடைத்தது. ஒரே வேலைக்குள் கோடு எங்கே விழுகிறது என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் வேறு இந்தியத் தீர்ப்பை நான் படித்ததில்லை. தொலைபேசி விவரப் புத்தகம் பற்றிய 1991-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்ப்பையும், 2004-ஆம் ஆண்டின் கனடியத் தீர்ப்பையும் நீதிமன்றம் எப்படி எடை போடுகிறது என்பதையும் கவனியுங்கள். வெளிநாட்டுத் தீர்ப்பு இந்திய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வழிகாட்டும்.

மூன்றாவது, டெல்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012-இல் ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி நிலையத்தின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. 52(1)(i) பிரிவில் உள்ள 'கற்பித்தலின்போது' என்ற ஒரு சொல்தான் வழக்கு முழுவதையும் தாங்கி நிற்கிறது. கற்பித்தல் என்பது வகுப்பறையில் ஆசிரியர் பேசும் ஒரு மணிநேரம்தானா, பாடத்திட்டம் தொடங்கித் தேர்வு வரையிலான முழுக் காலமா? 2016 செப்டம்பரில் தனி நீதிபதி விரிந்த பொருளை ஏற்றார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றுக்கொண்டபோதும், நகலெடுத்த பகுதிகள் கற்பித்தலுக்குத் தேவையானவைதாமா என்பதை விசாரிக்க வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. இந்த இரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து படியுங்கள். முடிவு ஒன்றாக இருந்தாலும் பாதை வேறாக இருக்க முடியும் என்பதை அறிய இது நல்ல இணை.

வணிகக்குறி

இங்கே 9, 11, 29 ஆகிய பிரிவுகள் தொடக்கத்துக்குப் போதும். முதல் வழக்கு 1962-இல் தீர்ப்பான அமிர்ததாரா. 'அமிர்ததாரா' என்ற மருந்தின் உரிமையாளர்கள் 'லட்சுமண்தாரா' என்ற பெயரின் பதிவை எதிர்த்தார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கும் இரண்டு பெயர்களின் பொருள் வேறு என்பது பார்த்தவுடன் தெரியும். ஒன்று அமிர்தத் தாரை, மற்றொன்று லட்சுமணனின் தாரை. ஆனால் சராசரி அறிவும் மங்கலான நினைவும் உள்ள, எச்சரிக்கையின்றி வாங்கும் ஒருவர் பெயரைப் பிரித்துப் பொருள் பார்க்கமாட்டார், முழு ஒலியைத்தான் நினைவில் வைத்திருப்பார் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இவ்விரு பெயர்களையும் உங்கள் தெருவில் உள்ள கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். அந்த வாக்கியத்தின் பொருள் உடனே தெரியும். இருந்தும், நெடுங்காலம் எதிர்ப்பின்றி விற்றுவந்ததால் உத்தரப் பிரதேசத்துக்கு மட்டும் லட்சுமண்தாராவின் பதிவு நிலைத்தது. ஒற்றுமை ஒரு கேள்வி, உரிமையாளர் சும்மா இருந்தது மற்றொரு கேள்வி; இரண்டையும் குறிப்பேட்டில் தனித்தனியாக எழுதுங்கள்.

அடுத்தது 2001-ஆம் ஆண்டின் கடிலா வழக்கு. மலேரியா மருந்துகளான 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடேப்' ஆகிய பெயர்களைப் பற்றியது. பிஸ்கட்டை மாற்றி வாங்கினால் ஏமாற்றம்தான். மருந்தை மாற்றி வாங்கினால் உயிரே போகலாம். எனவே மருந்துப் பெயர்களில் குழப்பத்துக்கான அளவுகோல் கடுமையாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பொதுவான ஒரே மொழி இல்லாத, எழுத்தறிவு எல்லோரையும் எட்டாத நாட்டில் ஆங்கிலேயத் தீர்ப்புகளின் அளவுகோலை அப்படியே பொருத்த முடியாது என்றும் சொன்னது. இந்த வழக்கில் இன்னும் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, நீதிமன்றம் ஏழு அளவுகோல்களை வகுத்துக் கொடுத்ததே தவிர, இந்த இரு பெயர்களைப் பற்றிய இறுதி முடிவை விசாரணை நீதிமன்றத்துக்கே விட்டுவிட்டது. மற்றொன்று, அதற்கு முந்தைய ஆண்டு 'பிக்னிக்' என்ற பெயர் பற்றிய டைகெம் எதிர் கேட்பரி வழக்கில், ஒற்றுமைகளைவிட வேற்றுமைகளுக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்திருந்த முக்கியத்துவத்தை இந்தத் தீர்ப்பு சரியன்று என்று ஒதுக்கியது. டைகெம் வழக்கை மட்டும் படித்துவிட்டு நிறுத்திய மாணவர் தவறான சட்டத்தைப் படித்தவராகிவிடுவார்.

வெளிநாட்டுப் பெயர்களின் புகழ் இந்தியாவில் எப்போது செல்லும் என்பதற்கு 1996-ஆம் ஆண்டின் வேர்ல்பூல் தீர்ப்பையும் 2017-ஆம் ஆண்டின் டொயோட்டா பிரியஸ் தீர்ப்பையும் இணையாகப் படிக்கலாம். முன்னதில் இந்தியாவில் புழங்கிய இதழ்களின் விளம்பரங்கள் புகழுக்குச் சான்றாயின. பின்னதில், 2001-இல் உள்ளூர் நிறுவனம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கியபோது இந்தியாவில் பிரியஸ் காருக்குப் புகழ் இருந்ததை டொயோட்டாவால் நிரூபிக்க முடியவில்லை.

காப்புரிமை: நோவார்ட்டிஸ் வழக்கில் நின்று படியுங்கள்

காப்புரிமையில் 2(1)(j), 2(1)(ja), 3, 25, 84 ஆகியவற்றை முன்னரே படித்துவிட வேண்டும். முதலில் 1978-ஆம் ஆண்டின் விஸ்வநாத் பிரசாத் எதிர் இந்துஸ்தான் மெட்டல் வழக்கு. பாத்திரங்களைக் கடைசலில் பிடித்து மெருகேற்றும் கருவி பற்றியது. பட்டறையில் தேர்ந்த தொழிலாளி தானாகவே செய்துவிடக்கூடிய முன்னேற்றம் கண்டுபிடிப்பாகாது என்பதை இதைவிட எளிதாக எந்த மருந்து வழக்கும் விளக்காது. இதை வேகமாக முடித்துவிட்டு, 2013 ஏப்ரல் 1-இல் தீர்ப்பான நோவார்ட்டிஸ் எதிர் இந்திய ஒன்றியம் வழக்குக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

இந்த வழக்கின் பெரும்பகுதி சென்னையில் நடந்தது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் மூலப்பொருளான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு, 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் தரப்பட்டது. புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் சில இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன; 2006-இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 3(d) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்ற நிறுவனத்தின் வாதத்தை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2009-இல், அப்போது சென்னையில் இயங்கிய மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமை தர மறுத்தது. பின்னரே உச்ச நீதிமன்றம்.

தீர்ப்பு நீளமானது. ஆனால் அதன் நடுப்பகுதியில் வரும் சட்ட வரலாற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கை, அதன் அடிப்படையில் உருவான 1970-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை இல்லை என்று வைத்தது, உலக வர்த்தக அமைப்பின் உடன்பாட்டினால் 2005 முதல் அது மாறியது, அந்த மாற்றத்தோடு நாடாளுமன்றம் 3(d) பிரிவை ஏன் இறுக்கியது என்பதெல்லாம் அங்கே வரிசையாக உள்ளன. அதைப் படித்தபின், 'அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், அதன் செயல்திறனைக் கூட்டாவிட்டால் கண்டுபிடிப்பன்று' என்ற பிரிவின் பொருள் தானாகவே திறக்கும். மருந்துக்குச் செயல்திறன் என்றால் நோய் தீர்க்கும் திறன்தான் என்றது நீதிமன்றம். தூள் எளிதில் ஒழுகுவதும், ஈரம் குறைவாக உறிஞ்சுவதும் அதில் சேரா. உடலில் கிடைக்கும் அளவு 30 விழுக்காடு கூடுகிறது என்ற வாதமும், அதனால் நோய் தீரும் திறன் கூடியதற்குச் சான்று இல்லாததால் நிற்கவில்லை. இந்தத் தீர்ப்பு எல்லாப் புதிய வடிவங்களுக்கும் கதவைச் சாத்திவிட்டது என்று சொல்வது தவறு; சான்று காட்டினால் கதவு திறக்கும் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இதனுடன் 84-ஆம் பிரிவின் கட்டாய உரிம வழக்கைச் சேர்த்துப் படியுங்கள்; காப்புரிமை பெற்றவரின் இசைவு இல்லாமலே அந்தப் பொருளைப் பிறர் தயாரிக்கத் தரும் அனுமதியே கட்டாய உரிமம். பேயர் நிறுவனத்தின் சோராஃபெனிப் மருந்து மாதத்துக்கு ரூ.2,80,428 விலையில் இருந்தபோது, அதை ரூ.8,880-க்குத் தர இந்திய மருந்து நிறுவனமான நாட்கோவுக்கு 2012-இல் உரிமம் வழங்கப்பட்டது. நோவார்ட்டிஸ் வழக்கு காப்புரிமை கிடைக்குமா என்பது பற்றியது, பேயர் வழக்கு கிடைத்த உரிமையை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது பற்றியது. செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்தே வரும்; உங்கள் குறிப்பேட்டில் கலக்கக் கூடாது.

தீர்ப்பு இன்றும் நிற்கிறதா

ஒவ்வொரு வழக்கையும் முடித்தபின் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. 1977-இல், திரைப்படத்துக்காக அமைத்த இசைக்கும் எழுதிய பாடலுக்கும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று இசை உரிமைச் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடகருக்குச் சட்டத்தில் உரிமையே இல்லாத நிலையை நீதிபதி கிருஷ்ணய்யர் கவலையோடு குறிப்பிட்டார். 1994-இல் நிகழ்த்துநருக்கான உரிமை சட்டத்தில் சேர்ந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், எழுதியவரும் இசையமைத்தவரும் தம் உரிமத்தொகையின் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தது. எனவே தீர்ப்பின் தேதிக்குப் பின் அந்தப் பிரிவு திருத்தப்பட்டிருக்கிறதா, பெரிய அமர்வு எதுவும் அதை மாற்றியிருக்கிறதா என்று பார்க்காமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதையும் பாருங்கள். இரட்டைத் தீப்பொறிச் செருகி பற்றிய பஜாஜ் எதிர் டிவிஎஸ் வழக்கில், 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதித்தார், 2009-இல் அமர்வு அதை நீக்கியது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை விரைந்து முடிக்க உத்தரவிட்டது, 2019-இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. இவ்வளவு ஆண்டுகளில் வந்தவை எல்லாம் இடைக்கால உத்தரவுகளே. அவற்றில் 'முதல் நோக்கில்' (prima facie, அதாவது முழு விசாரணைக்கு முன் மேலோட்டமாகப் பார்த்த அளவில்) என்ற சொல் வரும் ஒவ்வோர் இடத்தையும் பென்சிலால் கோடிட்டு, அதற்குப் பிறகு வரும் வாக்கியத்தை உங்கள் குறிப்பேட்டில் தீர்மானமான சட்டமாக எழுதிவிட்டீர்களா என்று சரிபாருங்கள்.